கடற்செலவும் கேட்டற் கடனும்

விழா மலருக்குக் கட்டுரை எழுதப் புகுவோர் கல்லூரியின் பழம்பெருமை கூறுதலும், தமக்கு எழுத்தறிவித்த ஆசிரியப் பெருமக்களை நினைந்து போற்றுதலும், மாணாக்கர்க்கு அறிவுரை பகர்தலும் வழக்கம். அவற்றைத் திறம்படச் செய்யவல்லார் பலர் இம்மலரில் எழுதுகின்றனர். ஆதலின் யாம் சிறியதொரு பொருளை எடுத்துக்கொண்டோம். பொழுதுபோக்கின் பொருட்டுப் படகேறிக் கடலிற் செல்வோர், தம் படகிலுள்ள வானொலிக் கருவியைத் திறந்தே வைத்திருத்தல் வேண்டுமா, அன்றி அணைத்து வைத்தலும் தகுமா என்பதே அப்பொருள். "செம்மண்ணும் கிணறும் வெங்காயத் தறையும் சூழ்ந்த மருதனார்மடத்திலிருந்து கொண்டு கடலைப்பற்றிப் பேச இவர்க்கு என்ன உரிமை?" என்று அன்பர் சிலர் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். மருதனார்மடம் சந்தியிலிருந்து வடக்கு நோக்கி நடப்பவன் காங்கேசன்துறையிற் கடலைக் காண்பான். தெற்கு நோக்கி நடப்பவன் யாழ்ப்பாணப் பட்டினத்திற் கடனீரேரியைக் காண்பான். தீவகத்தாரும் நம் கல்லூரியிற் பயின்றனர்; பயில்கின்றனர். கடல் நமக்கு அயலதன்று.

இப்பொருள் பழைய மாணவர்க்கு உரியதாதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம்மவருட் பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஆடி ஆவணி மாதங்களில் அவர்கள் குடும்பத்தோடு ஊர் திரும்புகின்றனர். திரும்பியவர் உற்றாரைக் கண்டு, கீரிமலையில் நீராடி, கல்லூரி வாயிலில் நின்று நிழற்படம் எடுத்தபின் அடுத்து நாடுவது கடலையே. நயினை நாகபூசணி அம்மனை வழிபடவும், நெடுந்தீவின் குதிரைகளைப் பிள்ளைகட்குக் காட்டவும், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நீர் நடுவண் நிற்கும் கடற்கோட்டையைக் காணவும் படகு அமர்த்திச் செல்கின்றனர். அம்மாதங்களோ சோளகக் காற்று வீசும் மாதங்கள். இனி, சிட்னி, ரொறன்ரோ, ஒஸ்லோ முதலிய நகரங்களிற் குடியேறியவருட் சிலர் சொந்தப் படகே வைத்து விடுமுறை நாள்களில் நீரிற் செல்வதையும் கேள்வியுறுகின்றோம். எனவே யாம் எழுதுவது எவரோ செல்வச் சீமான்களைப் பற்றியதன்று, நம்மைப் பற்றியதே.

வானொலி என்றவுடன் பாட்டும் செய்தியும் ஒலிக்கும் வீட்டுப் பெட்டியை எண்ணிவிடலாகாது. இங்கே கூறுவது கேட்கவும் பேசவும் வல்ல கடல் வானொலி, வீ. எச். எப். என்னும் பெயரால் வழங்குவது. கைக்கு அடங்கும் கருவி பெரும்பாலும் 5 உவாற்று வலுவினது. படகிற் பொருத்துவது 25 உவாற்று வலுவினது. அதிற் பல அலைவரிசைகள் உண்டு. அவற்றுள் 156.8 மெகாஹேர்ட்ஸ் அலையெண்ணில் அமைந்த 16ஆம் அலைவரிசை, ஆபத்தை அறிவித்தற்கும் ஒருவரை ஒருவர் அழைத்தற்கும் என உலகெங்கும் ஒதுக்கப்பட்டது. அழைத்தவர்க்கு மறுமொழி கிடைத்ததும் இருவரும் வேறோர் அலைவரிசைக்கு விலகிச் சென்று உரையாடல் வேண்டும். 16 பொதுவழியாக வெறிதே கிடத்தல் வேண்டும். இவ்வலை ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்லும் இயல்பினது. ஆதலின் ஒரு சிறு படகிலிருந்து மற்றொரு சிறு படகிற்குச் சில கடல்மைல் தொலைவே எட்டும். கரையில் உயர்ந்த கோபுரத்தில் அலைவாங்கி நிறுவியிருப்பின் 20, 30 கடல்மைல் வரையும் எட்டும். இதனை மனத்திற் கொள்க. அருகில் உள்ளவனே கேட்க வல்லவன் என்பது இக்கருவியின் இயல்பிலேயே அமைந்து கிடக்கின்றது.

இவ்வினா எமக்கு எழுந்த வரலாற்றை ஈண்டுக் கூறல் வேண்டும். சில ஆண்டுகளுக்குமுன் ஓர் ஆடி மாதத்தில், விடுமுறைக்கு வந்த பழைய மாணவர் சிலரும் ஆசிரியர் சிலரும் இரு படகுகள் அமர்த்தித் தீவொன்றிற்குச் சென்றோம். படகுகள் இரண்டும் ஒருவருடையனவே. இரண்டிலும் கைவானொலி இருந்தது. செல்லும்போது அக்கருவி இடையிடையே கரகரத்தது. பேச்சிற்கு இடையூறாயிருக்கின்றது, அதனை அணைத்துவிடுமாறு படகோட்டியிடம் கூறியவர் வேறெவருமல்லர், யாமே. அவ்விளைஞர் மறுத்துரைக்கவில்லை. "மாஸ்ரர், அது கிடக்கட்டும், சத்தத்தை மட்டும் குறைச்சு விடுறன்" என்று கூறி, அவ்வாறே செய்தார்.

திரும்பும் வழியில் எம் படகின் எஞ்சின் நின்றது. மீண்டும் மீண்டும் முயன்றும் இயங்கவில்லை. காற்றோ படகைப் பார்ப் பக்கமாகத் தள்ளலாயிற்று. மற்றைப் படகு ஒரு மைல் முன்னே கண்ணுக்குத் தெரியச் சென்றுகொண்டிருந்தது. படகோட்டி கைவானொலியை எடுத்து மும்முறை அழைத்தார். சற்றுப் பொறுத்து மீண்டும் அழைத்தார். மறுமொழி இல்லை. அப்படகோட்டியின் கைப்பேசியை அழைத்தோம்; மணி அடித்து ஓய்ந்தது. அது நனையாதிருக்கப் பொலித்தீன் பையிற் சுற்றி இருக்கையின்கீழ் வைக்கப்பட்டிருந்ததாம். எம்முள் ஒருவர் சுன்னாகத்திலிருக்கும் தம் மைத்துனரை அழைத்தார். அவர் வேறொருவரை அழைத்தார். அவர் இறங்குதுறையில் எவரைக் கேட்பதென்று அறியாது திகைத்தார். படகிற் சிறுவர் இருவர் இருந்தனர். அவர்கள் அழவில்லை, ஆயின் பேச்சை நிறுத்திவிட்டு எம் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தனர். அந்தப் பார்வை இன்றும் எம்மை விட்டு நீங்கவில்லை. அரைமணி நேரத்தின் பின், வலை வாங்கிக்கொண்டிருந்த மீனவர் இருவர், மரக்கோலிற் கட்டி யாம் அசைத்த சால்வையைக் கண்டு வந்து, எம் படகைக் கட்டி இழுத்துக் கரைசேர்த்தனர்.

கரைசேர்ந்தபின் வினவினோம். மற்றைப் படகிலிருந்தோர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தனராம், கருவியின் கரகரப்பு இடைஞ்சலாயிருந்தமையின் அணைக்கச் சொன்னார்களாம், படகோட்டியும் அணைத்துவிட்டாராம். அணைக்கச் சொன்னவர் எம்முடன் ஒரு வாங்கில் இருந்து பயின்றவர். பிறர் துன்பம் கண்டு பொறாதவர். அவர் செய்தது யாம் செய்ய முனைந்ததே. எம் படகோட்டி எம் சொல்லை முழுவதும் கேளாமையாலும், அவர் படகோட்டி அவர் சொல்லை முழுவதும் கேட்டமையாலும் நேர்ந்த வேறுபாடு அன்றி, எம் இருவரிடையே வேறுபாடு யாதும் இல்லை. ஆதலின் இக்கட்டுரை எவரையும் குறைகூற எழுந்ததன்று.

இனி, அணைத்து வைக்கலாம் என்பார் கூறும் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம். அவை புறக்கணிக்கத்தக்கன அல்ல.

முதலாவது, கடலுக்குச் செல்வது அமைதியை நாடி. ஆங்கும் ஓயாத இரைச்சல் எதற்கு என்பது. இவ்விருப்பம் நியாயமானதே. ஆயின் இரைச்சலை நீக்கும் வழி கருவியிலேயே உண்டு. வெறும் கரகரப்பை அடக்கிக் குரல் வந்தபோது மட்டும் ஒலிக்கச் செய்யும் திருகு ஒன்று இத்தகைய கருவிகளில் அமைந்திருக்கும். அதனைச் செவ்விதின் அமைத்து, 16ஆம் அலைவரிசையில் நிறுத்தி, ஒலியைக் குறைத்து வைப்பின், நெடும்பொழுது அது வாய்திறவாதே கிடக்கும். கரகரப்பைக் கண்டு கருவியை அணைப்பது, கதவு கிறீச்சிடுகின்றது என்று வாயிலைச் சுவரெழுப்பி அடைப்பதை ஒக்கும். கதவிற்கு எண்ணெய் இடுதலே முறை.

இரண்டாவது, கைப்பேசி இருக்க இஃது ஏன் என்பது. கரையோரத்திற் கைப்பேசி பேருதவி என்பதை யாம் மறுக்கவில்லை. படகேறும் எவரும் அதனையும் உடன்கொண்டு செல்க. ஆயினும் இரண்டிற்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கைப்பேசி நாம் எண் அறிந்த ஒருவரோடு மட்டும் பேசுவது. கடல் வானொலியோ நாம் பெயரும் அறியாத அனைவரோடும் ஒருங்கே பேசுவது. ஆபத்தில் நமக்கு வேண்டுபவன் சுன்னாகத்து மைத்துனன் அல்லன். அரை மைலில் வலை வாங்கிக்கொண்டிருக்கும் அயலவனே. அவன் எண்ணை நாம் எங்ஙனம் அறிவோம்? அன்றியும், கரையை விட்டு அகலுந்தோறும் கைப்பேசியின் அலை மெலிந்து அற்றுப்போகும். 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் எழுந்த ஓக்கிப் புயலின்போது, கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் கேரளக் கரையிலிருந்தும் ஆழ்கடலுக்கு முன்னரே சென்றுவிட்ட மீனவர்க்குக் கரையில் வெளியான எச்சரிக்கை சென்றடையவில்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், அல்லது காணாமற்போயினர். அவர்கள் பொழுதுபோக்கச் சென்றவரல்லர், வயிற்றுப்பாட்டிற்குச் சென்றவர். செய்தியைச் செலுத்துவதற்கும் வாங்குவதற்கும் தக்க கருவி பலரிடத்து இல்லாமையால் அவர்கள் கெட்டனர். கருவி கையிலிருந்தும் அதனை அணைத்து வைப்போரை என்னென்பது?

மூன்றாவது, மின்கலம் தீர்ந்துவிடும் என்பது. இக்கருவி பேசும்போதே மிகுந்த மின்னை உண்ணும்; கேட்கும்போது உண்பது சிறிது. படகிற் பொருத்தும் 25 உவாற்றுக் கருவி பேசும்போது ஏறத்தாழ 5 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். வாளா கேட்டுக் கிடக்கும்போது அதிற் பத்தில் ஒருபங்கும் பெரும்பாலும் வேண்டுவதில்லை. கைக்கருவியாயின் புறப்படுமுன் இரவே மின்னேற்றி வைத்தால் ஒரு பகற்பொழுதிற்குப் போதும்.

மின்கலத்தைப் பற்றி நம் தலைமுறையினர்க்கு ஒருவர் எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? 1990களில் நம் குடாநாட்டிற்கு மின்கலம் கொண்டுவருதல் தடைசெய்யப்பட்டிருந்தது, மின்சாரமும் இல்லை. அந்நாளில் மிதிவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழும் மின்னால் வானொலி கேட்டோம். சிறுவராயிருந்த யாம் முறைவைத்துச் சுழற்றுவோம். பெரியோர் செவி சாய்த்துச் செய்தி கேட்பர். கை ஓய்ந்தாற் குரலும் ஓயும். "சுத்தடா, சுத்தடா" என்று பல குரல்கள் எழும். அயல்வீட்டாரும் வேலியோரத்தில் வந்து நிற்பர். எங்கே குண்டு வீழ்ந்தது, எந்த வழி திறந்திருக்கின்றது என்று அறிவது உயிர்க்கு இன்றியமையாததாயிருந்த காலம் அது. கேட்டவர் கேளாதவர்க்குச் சொல்லும் கடனையும் அன்று எவரும் கற்பிக்கவில்லை. அது தானே நிகழ்ந்தது. கையால் மின் திரித்துக் கேட்டவர்களாகிய நாம், நிறைந்த மின்கலம் கையிலிருக்க அதனை அணைத்துவிடுமாறு கூறும் நிலைக்கு வந்தோம் என்பதை எண்ணுந்தோறும் எமக்கு நாணம் உண்டாகின்றது.

நான்காவது காரணமே வலியது. "என்னுடையது சிறு படகு, நான் கேட்டு யாருக்கு என்ன ஆகப்போகின்றது? காப்பதற்குக் கடற்படை இருக்கின்றது, பெருங்கப்பல்கள் இருக்கின்றன" என்பது அது. இதற்கு விடை கூற இரு வரலாறுகளைக் காட்டுவோம்.

ஒன்று யாவரும் அறிந்த டைட்டானிக் கப்பலின் வரலாறு. 1912ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் இரவு, பனிப்பாறைகளால் தடையுண்டு கலிபோர்னியன் என்னும் கப்பல் அதற்கு 20 கடல்மைலுக்குட்பட்ட தொலைவில் நின்றது. அக்கப்பலில் வானொலி இயக்குநர் ஒருவரே. சிரில் எவான்ஸ் என்பவர். அவர் பனியைக் குறித்து டைட்டானிக்கிற்கு அறிவிக்க முயன்றபோது, அங்கே வேறு செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்த இயக்குநர், தம் வேலைக்கு இடையூறு செய்யாது வாளாவிருக்குமாறு கூறிவிட்டார். எவான்ஸ் இரவு 11.30 மணிக்குப்பின் கருவியை அணைத்து உறங்கச் சென்றார். 11.40 மணிக்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. அபயக் குரல் அண்மையிலிருந்த செவியில் விழவில்லை. 58 கடல்மைலுக்கு அப்பாலிருந்த கார்பேதியா என்னும் கப்பலின் இயக்குநர் ஹரல்ட் கொட்டம், உறங்கப் போகும் நேரத்திலும் செவிப்பொறியைக் கழற்றாதிருந்தமையால் அக்குரலைக் கேட்டார். அக்கப்பல் விரைந்து சென்று 700 பேர் வரையிற் காத்தது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். கலிபோர்னியன் கேட்டிருப்பின் எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்பதில் அறிஞர் மாறுபடுவர். ஆயினும் அருகிலிருந்த செவி மூடிக்கிடந்தது என்பதில் மாறுபாடில்லை. எவான்ஸ் தீயவரல்லர், விதியை மீறியவருமல்லர், நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர். அன்று இரவுபகலாகக் கேட்டிருக்க வேண்டும் என்னும் விதியே இருக்கவில்லை.

அவ்வழிவின்பின் உலகம் விழித்துக்கொண்டது. 1914இல் இலண்டனிற் கூடிய நாடுகள் கடலில் உயிர்காத்தற்கான முதல் உடன்படிக்கையைச் செய்தன. பின்னாளிற் கப்பல்களின் வானொலி அறைக் கடிகாரங்களில் மணிதோறும் 15ஆம் நிமிடத்திலிருந்தும் 45ஆம் நிமிடத்திலிருந்தும் மும்மூன்று நிமிடங்கள் செந்நிறத்தாற் குறிக்கப்பட்டிருந்தன. அந்நேரத்தில் ஆபத்திற்குரிய அலையெண்ணில் எவரும் பேசலாகாது. மெலிந்த அபயக் குரல் ஒன்று எழுமா என்று அனைவரும் செவிசாய்த்தல் வேண்டும். 1999இற் செயற்கைக்கோள் சார்ந்த புதிய முறை முற்றும் நடைமுறைக்கு வரும்வரை இவ்வழக்கம் நிலவியது. உலகின் கடல்களெல்லாம் மணிக்கு இருமுறை ஒருவர் குரலுக்காக மௌனம் காத்தன என்பது எண்ணற்கினிய செய்தி.

மற்றொரு வரலாறு பொழுதுபோக்குப் படகினரைப் பற்றியதே. சிட்னியிலிருந்து ஹோபாட் நகருக்கு ஆண்டுதோறும் பாய்ப்படகுப் போட்டி நடைபெறும். 1998ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் 115 படகுகள் புறப்பட்டன. மறுநாள் கடும்புயல் எழுந்தது. குறித்த நேரத்திற் படகுகள் யாவும் வானொலியில் தத்தம் நிலையிடத்தை அறிவித்தல் முறை. அவ்வேளையில் சுவோர்ட் ஒஃப் ஒரையன் என்னும் படகினர், தம் இடத்தில் மணிக்கு 70 கடல்மைலுக்கும் மேற்பட்ட வேகத்திற் காற்று வீசுவதாகக் கேட்ட அனைவர்க்கும் அறிவித்தனர். அங்ஙனம் அறிவிக்க விதியில்லை. போட்டியாளர்க்கு உதவுவது தம் வெற்றிக்கு இழப்பாகவும் கூடும். அதனைக் கேட்ட படகினர் சிலர் போட்டியைக் கைவிட்டுத் துறைமுகம் திரும்பினர். அப்போட்டியில் 6 பேர் இறந்தனர். 55 பேர் மீட்கப்பட்டனர். முடிவுவரை சென்றவை 44 படகுகளே. எச்சரித்த படகிலிருந்தும் ஒருவர் கடலில் வீழ்ந்து மாண்டார் என்பது நெஞ்சை உருக்குவது. சிறு படகு கேட்டு யாருக்கு என்ன ஆகும் என்பார்க்கு இதுவே விடை. ஒரு சிறு படகு கூறியது. பிற சிறு படகுகள் கேட்டன. கேட்டவர் தம் உயிரைக் காத்துக்கொண்டனர். கேட்பவன் தான் சென்று மீட்கும் ஆற்றல் இல்லானாயினும், தொலைவிலுள்ள கரைக்கு அக்குரல் எட்டாதபோது அதனைத் தான் வாங்கி எடுத்துச் சொல்லலாம். அவ்வாறு எடுத்துச் சொல்லும் முறையும் வானொலி விதிகளில் வகுக்கப்பட்டுள்ளது.

"ஆபத்து வரும்போது திறந்துகொள்வோம், எந்நேரமும் ஏன்?" என்றும் சிலர் கேட்பர். நம் ஆபத்தை நாம் அறிவோம். பிறர் ஆபத்து வந்ததை அணைத்த கருவி நமக்கு எங்ஙனம் அறிவிக்கும்? அன்றியும், நாள்தோறும் பழகாத கருவி உற்ற நாளில் உதவுவது அரிது. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவச் சிற்றூரில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைத்த அறிவு மையம் ஒன்று இருந்தது. கடலலையின் உயரத்தை அறிந்து நாள்தோறும் ஒலிபெருக்கியில் ஊரார்க்கு அறிவிப்பது அதன் பணி. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் காலை, சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் கடற்கோளின் செய்தியைத் தொலைபேசியில் அறிவிக்க, அதே ஒலிபெருக்கி ஊரை எழுப்பி மேட்டிற்கு அனுப்பியது. 3,000 பேருக்கு மேற்பட்ட ஊரவர் உயிர் தப்பினர். அவ்வொலிபெருக்கி அன்று மட்டும் தேடி எடுக்கப்பட்டதாயின் என்ன நேர்ந்திருக்கும்? நாள்தோறும் ஒலித்தமையால் அது பழுதின்றி இருந்தது. நாள்தோறும் கேட்டமையால் ஊரார் அதன் சொல்லை நம்பினர்.

தமிழாசிரியர் எழுதும் கட்டுரையில் இலக்கியம் ஒரு சொல்லேனும் வாராது போகுமோ? கோவலன் தன் மகளுக்கு மணிமேகலை என்று பெயரிட்டது, தன் முன்னோன் ஒருவனைக் கலங்கெட்ட நள்ளிரவிற் கடலிலிருந்து காத்த தெய்வத்தின் நன்றியை மறவாமையால் என்பதைச் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை கற்றோர் அறிவர். அத்தெய்வம் மணிமேகலையை எடுத்துச் சென்று வைத்த மணிபல்லவம் நம் நயினாதீவே என அறிஞர் சிலர் கொள்வர். இத்தெய்வத்தைப் பற்றிப் பௌத்த சாதகக் கதைகளுள் ஒன்றாகிய மகாசனக சாதகத்திலும் ஒரு செய்தி உண்டு. கலம் உடைந்து கடலில் வீழ்ந்த மகாசனகன் ஏழு நாள் நீந்திக்கொண்டிருந்தான். கடலைக் காக்க அமர்த்தப்பெற்ற மணிமேகலையோ தேவ இன்பத்தில் திளைத்திருந்தமையால் அவ்வேழு நாளும் கடலை நோக்கவில்லை. ஏழாம் நாளில் நினைவுற்று நோக்கி, ஓடிவந்து அவனைத் தூக்கினாள். கடற் காவலே கடமையாகக் கொண்ட தெய்வத்திற்கும் இன்பநுகர்ச்சி செவியை அடைத்துவிடும் என்று அக்கதையைக் கூறியவர் அறிந்திருந்தார். பாட்டுக் கேட்டு மகிழ்ந்த எம் அன்பரையும் எம்மையும் நினைந்து அக்கதையைப் படிக்கும்போது ஆறுதலும் அச்சமும் ஒருங்கே தோன்றுகின்றன. ஏழு நாள் நீந்த நம்மால் ஆகுமோ?

கருவியைத் திறந்து வைத்த அளவில் எல்லாம் முடிந்தன என்று யாம் கூறவில்லை. அது மிதப்பு அங்கிக்கு ஈடாகாது. காற்றறிந்து புறப்படும் மீகாமன் அறிவிற்கும் ஈடாகாது. அதனைத் தவறாகக் கையாளுவோராலும் கேடு உண்டு. 16ஆம் அலைவரிசையில் ஊர்க்கதை பேசுவோரும், சிறுவர் கையில் விளையாடக் கொடுப்போரும், அணைத்து வைப்போரினும் தீங்கு செய்பவராவர்; அவர்களாலேயே ஏனையோர் அணைக்கத் தலைப்படுகின்றனர். உயிருக்கு ஆபத்து நேர்ந்தபோது மும்முறை கூறும் "மேடே" என்னும் சொல், 1920களில் இலண்டன் குரொய்டன் விமான நிலையத்தில், "எனக்கு உதவுக" எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியைத் தழுவி ஆக்கப்பட்டது. அவசரமாயினும் உயிராபத்து இல்லாதபோது "பான்-பான்" என்பர். இவற்றை இன்ன தருணத்தில் இன்னவாறு கூறுக என்று பயிலாதார் கருவியை வைத்திருந்தும் பயன் குறைவு. கனடா போன்ற நாடுகளில் இதனை இயக்குவார் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறல் வேண்டும் என்பது இதுபற்றியே. நம் நாட்டிலும் இத்தகைய கருவிகள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிக்கு உட்பட்டவை. வெளிநாட்டிலிருந்து வருவோர் பெட்டியில் வைத்துக் கொணர்ந்து தம் விருப்பப்படி இயக்கலாகாது.

எனவே யாம் வேண்டுவன மூன்று. ஒன்று, வெளிநாட்டிற் படகுடைய பழைய மாணவர், துறையை விட்டுப் புறப்படுவது முதல் மீண்டு கட்டுவது வரை 16ஆம் அலைவரிசையைத் திறந்தே வைத்திருத்தல் வேண்டும்; தம் மனைவி மக்களுக்கும் அதனை இயக்கக் கற்பித்தல் வேண்டும். படகோட்டுபவரே நோயுற்று வீழ்ந்தால் அழைப்பவர் யார்? இரண்டு, இங்கு வந்து படகு அமர்த்துவோர், மிதப்பு அங்கி உண்டா என்று கேட்பதைப் போலவே வானொலி உண்டா, மின்னேற்றப்பட்டுள்ளதா என்றும் கேட்டல் வேண்டும். பயணிகள் கேட்கத் தொடங்கினால் படகு உடையார் தாமே அனுமதி பெற்று வாங்கி வைப்பர். இருக்கும் கருவியை அணைக்குமாறு படகோட்டியை ஏவுதல் ஒருபோதும் ஆகாது. காசு கொடுப்பவன் சொல்லை மறுக்க அவர்க்கு இயலாது. அவர் அறிந்த தொழிலில் நம் வசதிக்காகக் கைவைத்தல் அறமன்று. மூன்று, நம் கல்லூரிச் சாரணர்க்கும் உயர்வகுப்பு மாணவர்க்கும் ஆண்டிற்கு ஒருமுறையேனும் கடல் வானொலியைக் கையாளும் முறையை அறிந்தார் வாயிலாகக் கற்பித்தல் வேண்டும். விழாவை ஒட்டிப் பழைய மாணவர் திரட்டும் பொருளிற் சிறிதை இதற்கு ஒதுக்கினால் வளைவும் வாயிலும் அமைப்பதற்குக் குறைவு நேராது.

திருவள்ளுவர் கல்வியைக் கூறிக் கல்லாமையைக் கூறியபின் கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். கற்றலைப் போலவே கேட்டலும் ஒருவன் முயன்று பெறவேண்டிய பேறு என்பது அவர் கருத்து. வகுப்பறையில் யாம் அதனை ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். படகில் ஏறியபோது மறந்தோம்.

எம் ஊர்ப் பெயரில் மடம் என்னும் சொல் நிற்கின்றது. முன்னாளில் வழிநடைப் பயணிகள் இளைப்பாற நம் முன்னோர் தெருவோரங்களில் மடம் கட்டினர். அருகே கிணறு தோண்டினர். சுமையிறக்கச் சுமைதாங்கியும், மாடு உராயக் கல்லும் நட்டனர். வருபவன் யாவன், எவ்வூரான், எப்போது வருவான் என்று அவர்கள் அறியார். பல நாள் எவரும் வாராதிருக்கவும் கூடும். அதுபற்றி மடத்தை எவரும் அடைத்துவைத்ததில்லை. கடலிலே மடம் கட்ட இயலாது. அங்கே வழிச்செல்வான் ஒருவனுக்கு நாம் செய்யத்தக்க உதவி, அவன் அழைத்தாற் கேட்கும்படி நம் செவியைத் திறந்து வைத்திருத்தலே. இவ்வாண்டு விழாவிற்கு வந்து, அடுத்த நாள் தீவிற்குப் படகேறும் அன்பர்கள் இதனை நினைவிற் கொள்வாராக. படகோட்டி ஒலியைக் குறைக்கட்டும். கருவியை அணைக்க வேண்டா.